வெளிநாட்டு கல்லூரிக்கு 'சீட் டெபாசிட்': யார் கணக்கில் இருந்து, எப்போது, எப்படிக் கட்ட வேண்டும்?

ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கீழே இறங்கிப் படித்தால் ஒரு வரி: குறிப்பிட்ட தேதிக்குள் டெபாசிட் கட்டினால்தான் உங்கள் இடம் உறுதி. 500 டாலராக இருக்கலாம், 4,000 பவுண்டாக இருக்கலாம். முழு ஃபீஸோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்காகக் குடும்பத்தின் கையை விட்டுப் போகும் முதல் பெரிய பணம் இது. விசா வருமா வராதா என்பது தெரிவதற்கு முன்பே கட்ட வேண்டிய பணமும் கூட.

கேரளாவில் இந்தக் கேள்வி இப்போது ஊருக்கு ஊர் கேட்கிறது. 2018-ல் சுமார் 1.29 லட்சமாக இருந்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை, 2023-ல் ஏறக்குறைய 2.5 லட்சமாகிவிட்டது என்கிறது கேரள புலம்பெயர்வு ஆய்வு. இடுக்கி மலையோரத்தில் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு, குமுளி பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, ஏலக்காய் பணம் வரும் காலமும் கல்லூரி பணம் கேட்கும் காலமும் ஒத்துப்போவதில்லை. இன்னொன்று, நிலத்தின் பட்டா. இரண்டையும் பின்னால் பார்ப்போம். முதலில் இந்த டெபாசிட் என்பது என்ன என்று பார்த்துவிடலாம்.

டெபாசிட் கட்டினால் என்ன கிடைக்கும்?

நாட்டுக்கு நாடு இதற்கு அர்த்தம் வேறு.

அமெரிக்காவில் இது "நான் வருகிறேன்" என்று சொல்வதற்கான தொகை. இளநிலைப் படிப்புகளுக்கு மே 1 என்பது பல கல்லூரிகளின் கடைசித் தேதி. பெரும்பாலும் சில நூறு டாலர்தான்; முதல் செமஸ்டர் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். அமெரிக்க விசா விதி டெபாசிட் கட்டச் சொல்லவில்லை. ஆனால் சில கல்லூரிகள் டெபாசிட் வந்த பிறகே ஐ-20 படிவத்தை அனுப்புகின்றன. அந்தப் படிவம் இல்லாமல் விசா நேர்காணலுக்குப் போக முடியாது. இதோடு 350 டாலர் செவிஸ் கட்டணம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம் ஆகியவையும் உண்டு. அவை இரண்டும் அமெரிக்க அரசுக்குப் போகும் பணம், டெபாசிட் கல்லூரிக்குப் போகும் பணம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "மொத்தமா இவ்வளவு கொடுங்க" என்று யாராவது கேட்டால், தனித்தனி ரசீது கேளுங்கள்.

பிரிட்டனில் தொகை பெரிது. சில ஆயிரம் பவுண்டில் தொடங்கி, சில இடங்களில் முதல் ஆண்டுக் கட்டணத்தில் பாதி வரை போகும். அதைக் கட்டினால்தான் 'காஸ்' என்ற எண்ணைக் கல்லூரி வழங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் விசா விண்ணப்பம்.

ஆஸ்திரேலியாவில் டெபாசிட்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் போன பிறகு 'சிஓஇ' எனும் சேர்க்கை உறுதிச் சான்று வரும். கனடாவில் பல கல்லூரிகள் டெபாசிட் கட்டியவர்களுக்கே மாகாணச் சான்றுக் கடிதம் வாங்கித் தருகின்றன. 2024 ஜனவரியில் இருந்து டிப்ளமோ, இளநிலை மாணவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கடிதம் கட்டாயம்.

ஜெர்மனி தனி ரகம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இந்த சீட் டெபாசிட் வழக்கம் இல்லை. முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும்.

விசா வரலைன்னா பணம் திரும்ப வருமா?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பலர் கடைசியாகக் கேட்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் மட்டும் இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. விசா மறுக்கப்பட்டதால் படிப்பைத் தொடங்க முடியாமல் போனால், கட்டிய பணத்தில் 5 சதவீதம் அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் கல்லூரி பிடித்துக்கொள்ளலாம். 4 வாரத்துக்குள் மீதியைத் தர வேண்டும்.

மற்ற நாடுகளில் கல்லூரியின் சொந்த விதிதான். பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விசா மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் திருப்பித் தருகின்றன. நிர்வாகச் செலவு என்று ஒரு தொகையைக் கழிப்பதும் உண்டு. ஆனால் பொய்யான ஆவணம் கொடுத்ததால் விசா மறுக்கப்பட்டது என்று வந்தால், பல இடங்களில் ஒரு பைசா கூட வராது. அந்த ஆவணத்தைத் தயாரித்தது ஏஜென்ட்தான், எங்களுக்குத் தெரியாது என்று சொல்வது அங்கே எடுபடாது. அமெரிக்காவில் பல கல்லூரிகள் டெபாசிட்டைத் திருப்பித் தருவதே இல்லை. சில கல்லூரிகள் விசா மறுப்புக்கு மட்டும் விலக்கு தரும். கனடாவில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

விசா 'மறுப்பு' வேறு, விசா 'தாமதம்' வேறு. 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அப்படியொரு நிலையில் உங்கள் கையில் மறுப்புக் கடிதம் இருக்காது, விசாவும் இருக்காது. எனவே டெபாசிட் கட்டும் முன் கல்லூரிக்கு ஒரு மெயில் போடுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், விசா தாமதமானால் இதே டெபாசிட்டை அடுத்த இன்டேக்குக்கு மாற்றலாமா, கேட்க எத்தனை நாள் அவகாசம் என்ற மூன்று கேள்வி போதும். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். போனில் ஏஜென்ட் சொன்ன பதில் கணக்கில் சேராது.

'கண்டிஷனல்' ஆஃபரா என்பதையும் பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணோ ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணோ இன்னும் வரவில்லை என்றால் ஆஃபர் நிபந்தனையோடுதான் வரும். நிபந்தனையை எட்டாவிட்டால் டெபாசிட் என்ன ஆகும் என்பது தனி விதி. அதையும் கேட்டுடுங்க.

பணத்தை யார் அனுப்பணும்?

அப்பா, அம்மா அல்லது மாணவர், தங்கள் சொந்த வங்கிக் கணக்கில் இருந்து நேராகக் கல்லூரிக்கு. இதில் சமரசம் வேண்டாம்.

காரணம் எளிது. கல்லூரி பணத்தைத் திருப்பும்போது அது எந்தக் கணக்கில் இருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் பொதுவாக அனுப்பும். கறுப்புப் பணத் தடுப்பு விதிகளுக்காகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் நடைமுறை இது. நீங்கள் ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்து, அவர் தன் கார்டில் கட்டியிருந்தால், கல்லூரியின் கணக்கில் பணம் கட்டியவர் அவர். விசா மறுக்கப்பட்டால் பணம் அவரிடம் போய்ச் சேரும். அப்புறம் நீங்கள் அவர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். கல்லூரியைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் விதிப்படிதான் நடந்திருப்பார்கள்.

கட்டிய பணம் உண்மையான கல்லூரிக்குத்தான் போகிறதா என்பது அடுத்த சந்தேகம். 2023-ல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் நாடுகடத்தல் நடவடிக்கையை எதிர்கொண்டார்கள். ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று, அவர்கள் கனடா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதற்குப் பிறகு, 2023 டிசம்பரில் இருந்து, ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடம் கேட்டு உறுதி செய்யும் முறையை கனடா கொண்டுவந்தது. நீங்களும் உறுதி செய்யலாம். கனடாவுக்கு 'டிஎல்ஐ' பட்டியல், பிரிட்டனுக்கு உள்துறை வெளியிடும் மாணவர் ஸ்பான்சர் பதிவேடு, ஆஸ்திரேலியாவுக்கு 'க்ரிகோஸ்', அமெரிக்காவுக்கு 'எஸ்இவிபி' அங்கீகாரப் பட்டியல். எல்லாமே இணையத்தில் இலவசம். கல்லூரியின் வங்கி விவரத்தை ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப்பில் இருந்து எடுக்காதீர்கள். மாணவர் லாகினுக்குள் போய் எடுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் கல்லூரிக்கே போன் செய்து கேட்கும் வரை பணம் அனுப்ப வேண்டாம்.

"எங்க ஏஜென்ட் மத்திய அரசு லைசென்ஸ் வெச்சிருக்கார்" என்று சொல்வதையும் கவனமாகக் கேளுங்கள். 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வெளியுறவு அமைச்சகம் தருவது வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமம். மாணவர் சேர்க்கைக்கு அது பொருந்தாது.

வங்கியில் என்ன நடக்கும்?

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 'எல்ஆர்எஸ்' என்று வங்கியில் சொல்வது இதைத்தான். பான் கார்டு கட்டாயம். ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கல்விக்கான குறியீடு, எஸ்0305, போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு குறியீடு விழுந்தால் வரி விகிதமே மாறிவிடும்.

மலையோரத்தில் முதல் தடை வேறு இடத்தில் வரும். பலருடைய பணம் சர்வீஸ் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கும். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்நியச் செலாவணி அனுமதி பெற்ற வங்கி வேண்டும். பெரிய வங்கிகளிலும் எல்லாக் கிளையும் நேரடியாக அனுப்பாது. உங்கள் கிளையில் வாங்கும் காகிதம் வேறொரு ஊர்க் கிளைக்குப் போய் அங்கிருந்து பணம் போகும். புதிதாகக் கணக்கு தொடங்கியவரிடம் பழைய வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கக்கூடும். அதன்பிறகும் ஸ்விஃப்ட் வழியில் பணம் போய்ச் சேர இரண்டு முதல் ஐந்து வேலை நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி என்பது பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி. நீங்கள் வங்கிக்குப் போகும் தேதி இல்லை. பத்து நாளாவது முன்னால் தொடங்குவது நல்லது.

பெயர் இன்னொரு தலைவலி. நம்மவர்கள் ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி என்று வைத்திருப்பார்கள். கல்லூரிக்குப் போகும் பணத்தில் மாணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவும், கல்லூரி தந்த மாணவர் எண்ணும் இருந்தால் குழப்பம் குறையும். அந்த எண் இல்லாமல் போன பணம், யாருடையது என்று தெரியாமல் கல்லூரிக் கணக்கில் கிடக்கும்.

இடையில் இருக்கும் வங்கிகளின் கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் கேட்பார்கள். "அனுப்புபவரே" என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 500 டாலர் அனுப்பி 480 போய்ச் சேரும். 20 டாலர் குறைவு என்று கல்லூரி உங்கள் இடத்தை உறுதி செய்யாமல் வைத்திருக்கும். பல பல்கலைக்கழகங்கள் ஃப்ளைவயர், கான்வெரா போன்ற தளங்கள் வழியாக ரூபாயிலேயே கட்ட விடுகின்றன. அதில் தொகை முழுதாகப் போய்ச் சேரும், எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஆனால் அவர்கள் தரும் மாற்று விகிதத்தை வங்கி விகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். கிரெடிட் கார்டு வேகம்தான். ஆனால் 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதன்மேல் ஜிஎஸ்டி. சின்னத் தொகைக்குப் பரவாயில்லை, பெரிய தொகைக்கு வேண்டாம்.

வங்கி வழியில் 2,50,000 ரூபாய் அனுப்பினால் நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 315 ரூபாய். இதுதவிர வங்கியின் அனுப்பும் கட்டணம்.

டிசிஎஸ் பிடிப்பாங்களா?

டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இந்த வரி. கல்விக் கடனில் இருந்து போகும் பணத்துக்கு அறவே கிடையாது. சொந்தப் பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேலான பகுதிக்கு 5 சதவீதமாக இருந்தது. 2026 பட்ஜெட் அதை 2 சதவீதமாகக் குறைத்தது.

இங்கே இரண்டு விஷயம். வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி. டெபாசிட்டை அப்பா கணக்கிலும் செமஸ்டர் ஃபீஸை அம்மா கணக்கிலும் இருந்து அனுப்பினால் இருவருக்கும் தலா 10 லட்சம் கிடைக்கும். இரண்டாவது, நகையை அடகு வைத்து வாங்கும் கடன் கல்விக் கடன் ஆகாது. டெபாசிட்டுக்கு முதலில் கை போவது நகையிடம்தான் என்பதால் சொல்கிறோம். பிடித்த வரி தொலைந்துபோகாது. அனுப்பியவரின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கும். ஆனால் அதைத் திரும்ப வாங்க வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். விவசாய வருமானம் மட்டுமே உள்ள, இதுவரை தாக்கலே செய்யாத வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏலக்காய் காலமும் பட்டயமும்

செப்டம்பர் இன்டேக்குக்கான டெபாசிட் ஏப்ரல், மே, ஜூனில் கேட்கப்படும். மலையில் அது காய் எடுப்பு முடிந்து, அடுத்த எடுப்பு தொடங்காத நேரம். புற்றடி ஏலத்திலோ போடி ஏலத்திலோ போட்ட சரக்கு பெரும்பாலும் முடிந்திருக்கும். கையில் இருப்பதை உரத்துக்கும் மருந்துக்கும் வைத்திருப்பார்கள். பிரிட்டன், அயர்லாந்து, கனடாவில் பல படிப்புகளுக்கு ஜனவரி இன்டேக் உண்டு. அதற்கான டெபாசிட் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் வரும். படிப்பும் கல்லூரியும் ஒன்றுதான் என்றால், வட்டிக்கு வாங்கி செப்டம்பருக்கு ஓடுவதைவிட ஜனவரிக்குக் காத்திருப்பது பல குடும்பங்களுக்கு லாபம். எஸ்டேட் கூலியில் வாழும் வீடுகளுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அவர்கள் கல்லூரியிடம் தவணையோ கால நீட்டிப்போ கேட்டு மெயில் போடலாம். அமெரிக்கக் கல்லூரிகள் சில, குடும்ப வருமானத்தைக் காட்டினால் டெபாசிட்டையே தள்ளுபடி செய்கின்றன. கேட்காதவருக்குக் கிடைக்காது.

கல்விக் கடனில் டெபாசிட்டைக் கட்டலாமா? கடன் ஒப்புதலாகி இருந்தால் சில வங்கிகள் விசாவுக்கு முன்பே டெபாசிட் அளவுக்கு விடுவிக்கும். பல வங்கிகள் விசாவைக் கேட்கும். 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக் கடனில் 15 சதவீதம் உங்கள் பங்கு என்பது வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். நீங்கள் முன்பே கட்டிய டெபாசிட்டை அந்தப் பங்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, ரசீதைக் கொடுத்துக் கேளுங்கள்.

7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் தர அதே திட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு மேல் நிலமோ வீடோ கேட்பார்கள். இடுக்கியில் கதை நிற்பது இங்கேதான். சக்குபள்ளம் இருக்கும் உடும்பன்சோலை தாலுகாவின் பெரும்பகுதி ஏலமலைக் காடுகள் என்று பதிவான நிலம். மூன்று தலைமுறையாக ஏலம் போடும் தோட்டத்துக்கும் பட்டயம் இல்லாமல் இருக்கலாம். பட்டயம் இல்லாத நிலத்தை வங்கி அடமானமாக ஏற்காது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியில் புதிய பட்டயம் கொடுப்பதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே, "டெபாசிட் கட்டிடலாம், மீதிக்கு நிலத்தை வெச்சு லோன் வாங்கிக்கலாம்" என்ற கணக்கோடு இறங்கும் முன், அந்த நிலத்தின் காகிதத்தை வங்கியில் காட்டி, ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். மீதிப் பணத்துக்கு வழி இல்லாமல் கட்டும் டெபாசிட்தான் இருப்பதிலேயே அதிகமாகத் தொலைகிறது. விசா மறுத்தால் திரும்ப வரும் பணம், "எங்களால் மீதியைக் கட்ட முடியவில்லை" என்றால் பல கல்லூரிகளில் வராது.

பிரிட்டன் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. அதிகபட்சம் 9 மாதத்துக்கு. அதோடு முதல் ஆண்டு ஃபீஸில் கட்டாமல் மீதமுள்ளதும் சேர வேண்டும். இந்த 28 நாளுக்கு நடுவில் அதே கணக்கில் இருந்து டெபாசிட்டை எடுத்து, ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் கணக்கு மறுபடி முதல் நாளில் இருந்துதான். டெபாசிட்டை முதலில் கட்டிவிட்டு 28 நாளை எண்ணத் தொடங்குங்கள், அல்லது வேறு கணக்கில் இருந்து கட்டுங்கள். கட்டிய தொகை காஸ் கடிதத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டினால் போதும்.

கட்டிட்டேன், இப்போ பிரச்சினை. யாரிடம் போவது?

கல்லூரி திருப்பித் தர வேண்டியதைத் தரவில்லை என்றால் முதலில் கல்லூரியின் புகார்ப் பிரிவுக்கு எழுத்துமூலம் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: ஸ்விஃப்ட் ரசீது, ஆஃபர் லெட்டர், ரீஃபண்ட் விதி அப்போது இருந்ததன் நகல், விசா மறுப்புக் கடிதம். விதிப் பக்கத்தை, பணம் கட்டும் அன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்து வைப்பது நல்லது. இணையதளத்தில் விதி மாறிவிடும்.

பணத்தை வாங்கிக்கொண்டது இங்குள்ள ஏஜென்ட் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். போலிக் கணக்குக்கு ஆன்லைனில் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருந்து எடுக்கப்படுவதற்கு முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. உங்கள் வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்து, ரசீதில் வெறும் "சேவைக் கட்டணம்" என்று எழுதி வாங்கியிருந்தால், டெபாசிட்டுக்குத்தான் கொடுத்தோம் என்று நிரூபிப்பது கஷ்டம். அந்த நிலையில் இருப்பவர்கள், ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வைத்திருங்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு தொகை என்று கேட்டு இப்போதாவது ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அவர் எழுதும் பதில் உங்களுக்கு ஆவணமாகும்.